டப்பாவுக்குள்ளே ஒரு துண்டு மலை!



மத்தியான மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்கிறீர்கள். உள்ளே சப்பாத்தியைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வெள்ளித் தாள். கடையில் 'ஃபாயில் பேப்பர்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். சப்பாத்தி வயிற்றுக்குள் போகிறது. ஃபாயில் உருண்டையாகிக் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. சில நேரம் தொட்டிக்குக்கூடப் போவதில்லை. முன் பெஞ்ச் நண்பனின் தலைக்குத்தான் போகிறது!

பேப்பர் என்று கூப்பிட்டாலும் அது பேப்பர் இல்லை, குட்டீஸ். அசல் உலோகம். அலுமினியத்தை உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப அழுத்தி, நம் தலைமுடியைவிட மெல்லியதாக ஆக்கியிருக்கிறார்கள். ரொம்ப மெல்லியதாகும்போது கிழிந்துவிடும் என்பதால், கடைசி முறை இரண்டு தாள்களைச் சேர்த்து அழுத்துவார்கள். உருளையைத் தொட்ட பக்கம் பளபளக்கும். தாளும் தாளும் ஒட்டியிருந்த பக்கம் மங்கலாக இருக்கும். எந்தப் பக்கத்தை வைத்துச் சுற்றினாலும் பலன் ஒன்றுதான்.

சரி, அந்த அலுமினியம் எங்கிருந்து வருகிறது? பாக்சைட் என்ற செம்மண் நிறப் பாறையிலிருந்து. சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பவே நெருக்கம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும், நம் கொல்லிமலையிலும் பாக்சைட்டை வெட்டி எடுத்து மேட்டூருக்குக் கொண்டு போனார்கள். அங்கே மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2008ல் அந்த ஆலை உற்பத்தியை நிறுத்திவிட்டது. மேட்டூரிலிருந்து இறங்கி வரும் அதே காவிரிதான், ஒரு கரையில் பவானியையும் மறு கரையில் குமாரபாளையத்தையும் வைத்துக்கொண்டு ஓடுகிறது!

பாறையிலிருந்து அலுமினியத்தைப் பிரிப்பது சாதாரண வேலை இல்லை. பாக்சைட்டைப் பொடித்து, காஸ்டிக் சோடாவோடு வேக வைத்து, அலுமினா என்ற வெள்ளைப் பொடியை எடுக்க வேண்டும். அந்தப் பொடியைக் கொதிக்கும் குழம்பு போன்ற ஓர் உப்பில் கரைத்து, ஏராளமான மின்சாரத்தைப் பாய்ச்ச வேண்டும். இந்த வழியை 1886ல் அமெரிக்காவின் சார்லஸ் மார்ட்டின் ஹாலும், பிரான்சின் பால் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இருவரும் 1863ல் பிறந்த இளைஞர்கள். அதற்கு முன் அலுமினியம் அரிய பொருள். 1884ல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் பெருமையாக வைத்ததே ஒரு அலுமினியப் பிரமிடைத்தான்!

இப்போது ஒரு கணக்குப் போடலாமா? ஒரு சதுர அடி ஃபாயில் சுமார் இரண்டரை கிராம். உங்கள் வகுப்பில் 50 பேர். ஆளுக்கு தினம் ஒன்று, வருடத்துக்கு 200 பள்ளி நாட்கள். மொத்தம் 10,000 துண்டுகள், அதாவது 25 கிலோ அலுமினியம். ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் நான்கு கிலோ பாக்சைட் வேண்டும். சுமார் 14 யூனிட் மின்சாரமும் வேண்டும். ஆக, ஒரே ஒரு வகுப்பு டிபன் சாப்பிட 100 கிலோ மலையும் 350 யூனிட் மின்சாரமும் போகிறது. சில மணி நேரம் சப்பாத்தியைச் சுற்றிவைக்க இவ்வளவா? வெட்டிய மலை திரும்ப வளராதே, செல்லங்களே!

அதற்காக ஃபாயிலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாங்கியதை முழுசாகப் பயன்படுத்தலாமே! சாப்பிட்டதும் ஈரத்துணியால் துடைத்து, மடித்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அதற்கு இன்னும் எத்தனை வேலை காத்திருக்கிறது பாருங்கள்.

உங்கள் சைக்கிள் ஹேண்டில்பாரிலும் ரிம்மிலும் துரு படிந்திருக்கிறதா? ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். துரு கழன்று வரும். அலுமினியம் இரும்பைவிட மிருதுவானது என்பதால் முலாமில் கீறல் அதிகம் விழாது. பிறகு துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் சைக்கிள் ஜம்மென்று இருக்கும்.

தறி உள்ள வீடா? எண்ணெய் கேனிலிருந்து சின்ன டப்பாவுக்கு ஊற்றும்போது கீழே சிந்தும். ஃபாயிலை இரண்டாக மடித்துக் கூம்பாகச் சுருட்டினால் புனல் தயார். பொங்கலுக்கு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறார்களா? பாதி வேலையில் சாப்பிடப் போகும்போது பிரஷ்ஷை ஃபாயிலில் இறுக்கமாகச் சுற்றி வைத்தால், திரும்பி வரும்வரை காயாது. கத்தரிக்கோல் மழுங்கிவிட்டதா? ஃபாயிலை எட்டாக மடித்து ஏழெட்டு முறை வெட்டுங்கள். ஓரத்துப் பிசிறு போய்க் கொஞ்சம் நன்றாக வெட்டும்.

கடைசியாக ஒரு மேஜிக்! சேலம் என்றால் வெள்ளிக் கொலுசு. கறுத்துப்போன கொலுசு வீட்டில் இருக்குமே? ஒரு பாத்திரத்தின் அடியில் ஃபாயிலை விரித்து, கொலுசை அதைத் தொடும்படி வையுங்கள். ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா, கொஞ்சம் உப்பு போடுங்கள். சுடு தண்ணீரை அம்மாவோ அப்பாவோதான் ஊற்ற வேண்டும். சில நிமிடங்களில் கொலுசு வெளுக்கும்; ஃபாயில் கறுக்கும். என்ன நடந்தது? வெள்ளியோடு கந்தகம் சேர்ந்ததால் வந்த கறுப்பு அது. வெள்ளியிடமிருந்து அந்தக் கந்தகத்தை அலுமினியம் பிரித்துவிடுகிறது. லேசாக அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பயப்படாதீர்கள். அது அந்தக் கந்தகத்தின் வேலைதான். கல் பதித்த நகை, முலாம் பூசிய நகை ஆகியவற்றை மட்டும் இதில் போடக் கூடாது.

செய்யக் கூடாததையும் தெரிந்துகொள்ளுங்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், தக்காளித் தொக்கு, ஊறுகாய் இவற்றை ஃபாயிலில் கட்ட வேண்டாம். புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும். தாளில் ஊசி ஓட்டைகள் விழும். கரைந்த உலோகம் சாதத்தில் சேரும். இட்லி, சப்பாத்திக்குப் பயமில்லை. மைக்ரோவேவ் அடுப்பில் ஃபாயிலை வைத்தால் தீப்பொறி பறக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று: ஃபியூஸ் போய்விட்டால் ஃபாயிலைத் திணித்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். ஃபியூஸ் கம்பி உருகி அறுந்துபோவது நம்மைக் காப்பாற்றத்தான். ஃபாயில் அந்த நேரத்தில் அறுந்துபோகாது. ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும். எங்கு பார்த்தாலும் பஞ்சுத் தூசி படிந்திருக்கும் தறிக் கூடத்தில் ஒரு பொறி போதும். பிளக், சுவிட்ச் பக்கம் ஃபாயிலைக் கொண்டே போகாதீர்கள்.

எல்லா வேலையும் முடிந்து ஃபாயில் கிழிந்துபோனால்? அப்போதும் குப்பை இல்லை! சுத்தமான துண்டுகளைச் சேர்த்து உருண்டையாக அழுத்திக்கொண்டே வாருங்கள். கைப்பிடி அளவுக்கு மேல் வளர்ந்ததும் பழைய இரும்புக் கடையில் போடுங்கள். துண்டு துண்டாகப் போட்டால் உலையில் எரிந்து வீணாகும். உருண்டையானால் உருகி, மறுபடி அலுமினியம் ஆகும். பாறையிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் சக்தியில் சுமார் 5 சதவிகிதம் இருந்தால் போதும்!

பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுகளும் பளபளக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அவை பிளாஸ்டிக். எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் கசக்கி விடுங்கள். அப்படியே சுருண்டு கிடந்தால் ஃபாயில். மெல்ல விரிந்து எழுந்தால் பிளாஸ்டிக். அதை உருண்டையில் சேர்க்காதீர்கள்.

குமாரபாளையத்தில் ஒரு தறிக் கூடத்தை எட்டிப் பாருங்கள். அறுந்த நூலைக்கூட யாரும் தெருவில் கொட்டுவதில்லை. மூட்டை கட்டி எடைக்குப் போடுவார்கள். லாரிப் பட்டறையில் கை துடைக்கவும், இன்ஜினில் எண்ணெய் துடைக்கவும் அந்த நூல்தான் உதவுகிறது. நூலின் அருமை நெய்கிறவருக்குத் தெரியும். அதனால் ஒரு முழம் நூலும் வீணாவதில்லை. ஃபாயிலின் அருமை இன்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது, சரிதானே?

நாளைக்கே வகுப்பில் ஒரு டப்பா வையுங்கள். 'மலை டப்பா' என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். டிபன் முடிந்ததும் எல்லாரும் அதில் ஃபாயிலைப் போடட்டும். வருடக் கடைசியில் எடை போட்டுப் பாருங்கள். அந்த எடையை நான்கால் பெருக்கினால், எத்தனை கிலோ மலையைக் காப்பாற்றினீர்கள் என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கை எங்களுக்கும் எழுதுவீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்