சைவப் பூனை உண்டா?

தாம்பரம் மார்க்கெட்டில் மீன்காரம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்ததுமே எங்கிருந்தோ நாலு பூனைகள் வந்து சுற்றி நின்றுவிடும். தன் உணவு எது என்பதில் பூனைக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகமெல்லாம் அதை வளர்க்கும் மனிதருக்குத்தான்!

சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் சைவ வீடுகளில் பூனைக்குப் பாலும் தயிர்ச் சோறும் வைப்பார்கள். பாசத்தில் குறைவில்லை. ஆனால் பாசம் கண்ணைக் காப்பாற்றாதே! இறைச்சியிலும் மீனிலும் டாரின் என்றொரு சத்து உண்டு. மனித உடல் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனைக்கு அந்தச் சக்தி போதாது. அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்று 1975-ல் தெரிய வந்தது. இதயமும் வீங்கித் தளரும் என்று 1987-ல் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். பாலோ, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு ஜீரணமாவதில்லை.

மாமல்லபுரத்துப் பாறையில் கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை. எலிகள் அதை நம்பலாம். கால்நடை மருத்துவர் நம்பமாட்டார்.

சரி, கடையில் ‘நேச்சுரல்’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பாக்கெட் வாங்கிவிட்டால் போதுமா? அரிசியும் சோளமும்கூட இயற்கைதானே! அமெரிக்கத் தீவன விதிகளின்படி, தாவரம், பிராணி, சுரங்கம் எதிலிருந்து வந்தாலும் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். ஆகவே முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். கோழியோ மீனோ முதலில் வருகிறதா? டாரின் சேர்த்திருக்கிறதா? அது முழு உணவா, வெறும் நொறுக்குத் தீனியா? பூனையைக் காப்பது இந்தப் பொடி எழுத்துத்தான்.

பாக்கெட் விலை கட்டாதவர்கள் மத்தி வாங்கிப் போடுகிறார்கள். நல்லதே. ஆனால் மத்தி போன்ற சில மீன்களைத் தினமும் பச்சையாகப் போட்டால் பி1 வைட்டமின் அழிந்து நரம்பு பாதிக்கும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. வெந்த நீரில் டாரின் கரைந்துவிடுமாகையால், அதையும் கொட்டாமல் சேர்த்தே வைக்க வேண்டும். உப்பு, மசாலா கூடாது. வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது. பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அவை அழித்துவிடும். மீன் மட்டுமே போட்டு வளர்ப்பதும் சரியல்ல. கோழியும், முடிந்தபோது ஒரு பிடி பாக்கெட் உணவும் கலந்தால் குறை ஓரளவு நிரம்பும்.

அசைவ வாடையே ஆகாது என்கிறவர்கள் என்ன செய்வது? கொல்லைப்புறத்தில் ஒரு தட்டு வைத்து உலர்ந்த பாக்கெட் உணவைப் போடலாம். அதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால் முயல் வளர்க்கட்டும். அது கீரை தின்னும். வளர்க்கும் பூனை இருட்டில் சுவரில் முட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. தாம்பரத்தில் மின்ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி அதிகத் தூரமில்லை.