எதன் சராசரி? எவற்றின் எண்ணிக்கை?

பத்துப் பள்ளிகள் உள்ள ஒரு வட்டாரம் எனக் கொள்க. ஆறு பள்ளிகள் தம் வருகைச் சதவீதத்தை அனுப்பியுள்ளன: 80, 85, 90, 90, 95, 100. மற்ற நான்கின் கட்டங்கள் காலி. தரவுத்தளத்திலிருந்து அறிக்கை எடுக்கும் மென்பொருளிடம் சராசரி கேட்டால் 90 என்கிறது. காலிக் கட்டங்களைச் சுழியமாகக் கொள்ளும் அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் 54 என்கிறது. இரண்டு தாள்களிலும் தலைப்பு ஒன்றே: ‘சராசரி வருகை’. கூட்டலிலும் வகுத்தலிலும் எந்தப் பிழையும் இல்லை.

முதல் தாளைப் பார்க்கும் அதிகாரி அந்த வட்டாரத்தை நல்ல வட்டாரம் என ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்வார். தகவல் அனுப்ப ஆளில்லாததாலோ இணைப்பு இல்லாததாலோ காலியாக நின்ற நான்கு பள்ளிகள் அந்த 90க்குள் காணாமற்போகின்றன.

இத்தகைய குழப்பம் வெளிப்படும்போதெல்லாம் பழி ஒரே இடத்தில் விழுகிறது. அறிக்கை எடுத்த ஊழியருக்குக் கணினி அறிவு போதாது என்கிறார்கள்; இன்னொரு பயிற்சி முகாம் அறிவிக்கப்படுகிறது; அங்கே எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது மறுபடியும் கற்பிக்கப்படுகிறது. நோய் ஓரிடம், மருந்து வேறிடம். தடுமாற்றத்தின் வேர் கற்பவரின் அறிவில் இல்லை. தெரிந்த சொல்லைப் போல முகங்காட்டித் தெரியாத முடிவுகளை உள்ளே வைத்திருக்கும் கலைச்சொல்லில் அது இருக்கிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. எட்கர் காட் 1970இல் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்தார். 1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்குரிய வினவல் மொழியை வெளியிட்டனர், இன்றைய எஸ்.கியூ.எல். அதன் வழிவந்ததே. நிரல் எழுதத் தெரியாதோரும் தரவிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கங்களுள் ஒன்று. அதனால் எண்ணு, கூட்டு, சராசரி எனும் பொருள்படும் அன்றாட ஆங்கிலச் சொற்களே கட்டளைகளாயின. நோக்கம் உயர்ந்தது. ஆனால் அன்றாடச் சொல்லைக் கேட்டவர் அன்றாடப் பொருளையே கொள்வார். ஓர் அயற்சொல் வந்திருந்தால் ‘இது என்ன?’ என்று கேட்டிருப்பார். பழகிய சொல் அந்தக் கேள்வியைத் தடுத்துவிட்டது.

இலக்கண நோக்கில் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். ‘எண்ணு’ என்பது செயப்படுபொருள் குன்றாவினை. எதை எண்ணுவது என்பது சொல்லப்படாவிட்டால் கேட்பவர் சூழலைக் கொண்டு நிரப்பிக்கொள்வார். எஸ்.கியூ.எல்.லில் உடுக்குறியிட்டு எண்ணச் சொன்னால் பத்துப் பதிவுகளும் எண்ணப்படும். வருகைப் புலத்தின் பெயரிட்டு எண்ணச் சொன்னால் ஆறு மட்டுமே வரும். அறிக்கைத் தாளிலோ இரண்டும் ‘எண்ணிக்கை’ என்றே அச்சாகின்றன. செயப்படுபொருளை மென்பொருள் அறியும். தாளைப் படிப்பவர் அறியார்.

காலிக் கட்டத்துக்கு இந்த மொழி தரும் பெயர் ‘நல்’. அது சுழியம் அன்று, வெற்றிடக் குறியும் அன்று. மதிப்பு இல்லை என்பதன் அடையாளம். தமிழில் ‘இல்லை’ வேறு, ‘அல்ல’ வேறு, ‘தெரியாது’ வேறு. வருகையே இல்லாத பள்ளி, கணக்கில் சேர வேண்டியது அல்லாத பள்ளி, வருகை தெரியாத பள்ளி ஆகிய மூன்றும் தரவுத்தளத்தில் ஒரே காலிக் கட்டமாக வந்து விழக்கூடும். விளைவு விபரீதமானது. வருகை 75க்குக் குறைந்த பள்ளிகளைக் கேட்டால் ஒன்றும் வராது. 75ம் அதற்கு மேலும் உள்ளவற்றைக் கேட்டால் ஆறு வரும். நான்கு பள்ளிகள் இரண்டு பட்டியலிலும் இல்லை. ஒரு பள்ளி குறைவானதாகவோ குறைவில்லாததாகவோதான் இருக்கும் என்பது இயல்பறிவு. மூன்று மதிப்புத் தருக்கத்தில் இயங்கும் வினவல் மொழிக்கு அந்த இயல்பறிவு கிடையாது.

அடுத்தது காலம். வினைச்சொல்லுக்குக் காலம் இருப்பதுபோல் அறிக்கையின் கணக்கீட்டுக்கும் காலம் உண்டு. கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் மென்பொருளில் ஒரு சூத்திரம் பதிவுகளைப் படிக்கும் முன்போ, படிக்கும்போதோ, அச்சிடும்போதோ கணக்கிடப்படலாம். பவர் பி.ஐ.யில் கணக்கிட்ட நெடுவரிசை தரவைப் புதுப்பிக்கும்போது கணக்கிடப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. ‘மெஷர்’ எனப்படுவதோ கேட்கும் கணத்தில், அப்போதுள்ள வடிகட்டிகளுக்கு உட்பட்டுக் கணக்கிடப்படுகிறது. ஒன்று இறந்தகாலம், மற்றொன்று நிகழ்காலம். திரையில் இரண்டும் எண்களே.

‘ரன்னிங் டோட்டல்’ எனும் தொடர்கூட்டு இன்னும் நுட்பமானது. அது ‘இங்கே’, ‘இப்போது’ போன்ற சுட்டுச்சொல். அதன் பொருள் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. குழுவின் அடியில் வைத்தால் முழுத்தொகையைச் சொல்லும். தலைப்பில் வைத்தால் அதுவரை வந்ததை மட்டுமே சொல்லும். மேலும், கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் சில பதிவுகளின் வரிகளைக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்தாலும், வழக்கமான கூட்டுத்தொகை அவற்றையும் சேர்த்தே கூட்டும். தாளில் உள்ள எண்களைக் கையால் கூட்டிப் பார்ப்பவருக்குத் தொகை பொருந்தாது. தம் கணக்கையே அவர் ஐயுறுவார்.

சராசரிகளின் சராசரி இவை எல்லாவற்றையும்விடப் பரவலான தவறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தின் எழுத்தறிவு 94 சதவீதம்; பீகாருடையது 61.8 சதவீதம். இரண்டு சதவீதங்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 78. ஆனால் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோர் கேரளத்தில் சுமார் 3 கோடி, பீகாரில் சுமார் 8.5 கோடி. மக்களைக் கொண்டு கணக்கிட்டால் இரு மாநிலங்களின் கூட்டு எழுத்தறிவு ஏறத்தாழ 70 மட்டுமே. மாநிலங்களின் சராசரியா, மக்களின் சராசரியா என்பதை ‘சராசரி’ என்ற சொல் சொல்வதில்லை. அந்த எட்டுப் புள்ளி இடைவெளியில் இலட்சக்கணக்கான மனிதர்கள் இருக்கிறார்கள்.

எல்லாமே கையேட்டில் உள்ளதே என்பார் உண்டு. உண்மை; கையேட்டில் உள்ளது. ஆனால் கையேடு அறிக்கையைத் தயாரிப்பவரின் கணினியில் இருக்கிறது. அறிக்கையோ ஊராட்சி உறுப்பினரிடமும் தலைமையாசிரியரிடமும் செய்தியாளரிடமும் செல்கிறது. பொருள் ஓரிடத்திலும் சொல் மற்றோரிடத்திலும் பிரிந்து கிடப்பதைத் தெளிவு என்று எவரும் அழைக்கமாட்டார்.

தாய்மொழியில் பெயர்த்துவிட்டால் தீரும் என்பார் வேறு சிலர். அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961இல் தில்லியில் நிறுவப்பட்டது முதல் இந்திய மொழிகளில் கலைச்சொல் உழைப்பு ஏராளமாக நடந்திருக்கிறது. அது வேண்டிய உழைப்பே. ஆயினும் சொல்லுக்குச் சொல் என்னும் பட்டியல் இவ்விடத்தில் உதவாது. ஆங்கிலச் சொல் மறைத்ததை அதன் தமிழ் நிகரனும் இந்தி நிகரனும் அப்படியே மறைக்கும். மறைவை மொழிபெயர்ப்பது விளக்கம் ஆகாது.

சரியாகப் பெயரிட முடியும் என்பதற்குச் சான்று இந்த நாட்டிலேயே உள்ளது. 2011இல் மக்கள்தொகை சுமார் 121 கோடி. எழுத்தறிந்தோர் சுமார் 76 கோடி. நேரடியாக வகுத்தால் எழுத்தறிவு 63 சதவீதம். ஆனால் 1991 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏழு வயது நிறையாத குழந்தைகளை வகுக்கும் எண்ணிலிருந்து நீக்குகிறது. அப்போது 73 சதவீதம். முன்னதைத் தோராய எழுத்தறிவு வீதம் என்றும் பின்னதைப் பயனுறு எழுத்தறிவு வீதம் என்றும் கொள்ளத்தக்க இரு வேறு பெயர்களைக் கணக்கெடுப்புத் துறையே வழங்குகிறது. வகுக்கும் எண் மாறினால் பெயரும் மாற வேண்டும் என்ற அந்த ஒழுக்கம் மென்பொருள் அறிக்கைகளுக்கும் வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிதன்று. பொது அறிக்கையில் அச்சாகும் ஒவ்வொரு தொகைக்கும் சராசரிக்கும் கீழே ஒரு வரி: எந்தப் பதிவுகள் சேர்ந்தன, எப்போது கணக்கிடப்பட்டது, காலிக் கட்டங்கள் என்னவாயின. ‘பத்தில் ஆறு பள்ளிகளின் சராசரி, நான்கு பள்ளிகளின் தகவல் வரவில்லை’ என்று எழுத அரை வரி போதும். அந்த அரை வரியை அச்சிட மறுக்கும் அலுவலகம், தன் ஊழியருக்குக் கணினி தெரியவில்லை எனக் குறைசொல்லும் உரிமையை இழக்கிறது.