'ஜெரிக்கோ': பாலத்தைத் தெரியும்... பக்கத்தில் இருந்த குடிசைகளைத் தெரியுமா?

கணவர் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனது கடன் மட்டும்தான். இருந்த வீடும் கைவிட்டுப் போக, மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு கிளம்புகிறார் ஆனி. அவர் போய்ச் சேருவது ஊர்கூட இல்லை. ரயில் பாலம் கட்ட வந்த தொழிலாளர்கள் பொட்டல்வெளியில் போட்டுக்கொண்ட குடிசைகள். அங்கே தொழிலாளர்களை வாடகைக்குத் தங்கவைத்துப் பிழைக்கத் தொடங்குகிறார்.

2016 ஜனவரியில் இங்கிலாந்தின் ஐடிவி சேனலில் தொடங்கிய 'ஜெரிக்கோ' சீரிஸின் கதை இது. உருவாக்கியவர் ஸ்டீவ் தாம்ப்ஸன். ஆனியாக ஜெஸிக்கா ரெய்ன், எதையோ மறைத்துக்கொண்டு வேலைக்கு வரும் ஜானி ஜாக்ஸனாக ஹான்ஸ் மேதிஸன், அமெரிக்காவிலிருந்து வரும் ரால்ஃப் கோட்ஸாக கிளார்க் பீட்டர்ஸ். மொத்தம் 8 எபிசோடுகள். இரண்டாவது சீசன் வரவே இல்லை.

கற்பனைப் பாலம்... நிஜப் பாலம்!

சீரிஸில் வரும் கல்வர்டேல் பாலம் கற்பனை. ஆனால், அதற்கு முன்மாதிரி உண்டு. யார்க்‌ஷயரில் இன்றும் ரயில் ஓடும் ரிப்பிள்ஹெட் பாலம்தான் அது. 24 வளைவுகள், சுமார் 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். ஒரு தூண் சரிந்தாலும் மொத்தப் பாலமும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு ஆறாவது தூணையும் கூடுதல் தடிமனாகக் கட்டியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை, இந்தப் பாதையைப் போட்ட மிட்லேண்ட் ரயில்வே கம்பெனியே ஒரு கட்டத்தில் திட்டத்தைக் கைவிடப் பார்த்தது. 1869-ல் பார்லிமென்ட் அதற்குச் சம்மதிக்கவில்லை. வேறு வழியில்லாமல் வேலை தொடங்கியது.

வந்து சேர்ந்தவர்கள் 'நேவி'கள். கடற்படைக்காரர்கள் இல்லை! ரயிலுக்கு முன்பு, படகுக் கால்வாய் வெட்டியவர்களை 'நேவிகேட்டர்' என்று அழைத்தார்கள். அது சுருங்கி 'நேவி' ஆகி, ரயில் பாதை போட்டவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. மண்வெட்டி, கடப்பாரை, வெடிமருந்து... இவைதான் இவர்களின் கருவிகள். இந்தப் பாலத்துக்காகச் சுமார் 2,300 பேர் உழைத்தார்கள்.

காற்றும் மழையும் ஓயாத அந்தச் சதுப்பு நிலத்தில் மரக்குடிசைகள் முளைத்தன. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பெயர். கிரிமியப் போரின் நினைவாக செவஸ்தபோல், பைபிளிலிருந்து ஜெருசலேம், ஜெரிக்கோ. ஆம், சீரிஸின் தலைப்பு நிஜத்தில் இருந்த ஒரு குடியிருப்பின் பெயர்தான்.

கல்வெட்டில் இல்லாதவர்கள்

ஆனியைப் போன்ற பெண்களும் பிள்ளைகளும் அங்கே நிஜமாகவே வாழ்ந்தார்கள். ஆண்கள் விபத்தில் இறந்தார்கள் என்றால், குடிசைகளுக்குள் பெரியம்மை புகுந்தது. பக்கத்தில் சேப்பல்-லி-டேல் என்ற சிற்றூரின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என 200-க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஆண்டுகளில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இடம் போதாமல் கல்லறைத் தோட்டத்தையே பெரிதாக்க வேண்டியிருந்தது.

அந்தத் தேவாலயத்துக்குள் ஒரு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. சக தொழிலாளர்களும் கம்பெனியும் சேர்ந்து செலவுசெய்து வைத்தது. ஆனால், அது ரயில் வேலையில் விபத்தால் உயிரிழந்தவர்களுக்கானது. காய்ச்சலில் போன குழந்தைக்கும், அந்தக் குடிசையில் சோறாக்கிப் போட்ட தாய்க்கும் அதில் இடமில்லை.

'ஜெரிக்கோ'வின் பலம் இங்கேதான் இருக்கிறது. இன்ஜினீயரையோ முதலாளியையோ நாயகனாக்காமல், வாடகைக் குடிசை நடத்தும் ஒரு விதவைத் தாயை நடுவில் நிறுத்துகிறது. சில இடங்களில் மெலோடிராமா தூக்கல்தான். சண்டையும் சாவும் உண்டு என்பதால், சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் கொஞ்சம் கவனம்.

பயணிகள் ரயில் 1876-ல் ஓடத் தொடங்கியது. 1980-களில் பாதையை மூடும் பேச்சு வந்தபோது மக்கள் போராடினார்கள். 1989-ல் அந்த முடிவு கைவிடப்பட்டது. பாலம் பிழைத்துக்கொண்டது. குடிசைகள் இருந்த இடத்தில் இப்போது புல்லும் மேடுபள்ளங்களும்தான். அங்கே அடுப்பு எரிந்ததை நினைவுபடுத்தவாவது இந்த 8 எபிசோடுகளைப் பார்க்கலாம்.