அதே சாயலில் வேண்டாம்

வளர்த்த நாய் செத்த வீட்டில், “உடனே இன்னொண்ணு கொண்டாந்திடுங்க” என்று சொல்ல யாராவது வந்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்குவதைவிட எடுத்து வளர்ப்பதே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய சென்னை புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் நாட்டு நாய்கள் காத்துக் கிடக்கின்றன. ஆனால் அந்த ‘உடனே’தான் உதைக்கிறது. போனது பார்வோ நோயில் என்றால், அந்தக் கிருமி தரையிலும் தோட்டத்து மண்ணிலும் மாதக்கணக்கில் தங்கும். சோப்புத் தண்ணீருக்கு அசையாது; பிளீச்சிங் கரைசல் வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே கொண்டுவருவது அதைத் தெரிந்தே பலி கொடுப்பது. வளர்ந்த நாயாக, ஊசியெல்லாம் முடிந்ததாகப் பாருங்கள். எல்லோரும் குட்டிக்கே அலைகிறார்கள். மூன்று, நான்கு வயது நாயென்றால் பூனையைக் கண்டு பாயுமா, பட்டாசுக்கு நடுங்குமா என்று பராமரிக்கிறவரே பெரும்பாலும் சொல்லிவிடுவார். (காது நுனி வெட்டுப்பட்டிருந்தால் கருத்தடை முடிந்த அடையாளம் அது, ஊனம் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு!) செத்ததன் சாயலைத் தேடுவதுதான் எனக்குப் பிடிக்காதது. அதே பழுப்பு, அதே வெள்ளைக் கால் என்று தேர்ந்தெடுத்தால், வந்தது தினமும் பழையதோடு ஒப்பிடப்பட்டுத் தோற்கும். புது நாய் முதல் சில நாள் சரியாகச் சாப்பிடாது, கட்டிலுக்கடியைவிட்டு வராது. “அவன் இப்படியா இருந்தான்?” என்று வீட்டில் பேச்சுக் கிளம்புவது அப்போதுதான், அதை அடக்க ஒருவராவது இருக்கிற வீடாக வேண்டும்.