செடிக்கு மருந்து, மனிதனுக்கு உபதேசமா?

1946ஆம் ஆண்டு இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் பற்றியது. செம்பு மருந்து தெளித்துச் செடியைக் காத்தனர். "செடியே, மனத்தை அடக்கு, நோய் தானே போய்விடும்" என்று எவரும் உபதேசிக்கவில்லை. நோய் கண்ட பயிரைத் திட்டிவிட்டு வீடு திரும்பும் உழவன் உண்டா?

ஆனால், அந்தச் செடியைக் காத்த தொழிலாளி குடிநோயில் வீழ்ந்தால் மட்டும் உபதேசம் போதுமாம்! அட்டனிலும் நுவரெலியாவிலும் நாம் காண்பது இதுதான். கை நடுங்க வருகிறான். காயத்துக்குக் கட்டு கிடைக்கிறது; வயிற்றுவலிக்கு மாத்திரை கிடைக்கிறது. குடி வேட்கைக்கோ, "குடியை விடு" என்ற இரண்டே சொற்கள்!

மருந்து இல்லையா? உண்டு. மலையக மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்ட அதே 1948இல், டென்மார்க் ஆய்வாளர் டைசல்பிரம் என்னும் மருந்தை அறிவித்தனர். அதை உண்டவன் குடித்தால் குமட்டலும் படபடப்பும் வரும். எனவே அவன் அறிய, அவன் இசைவோடு தரவேண்டியது. நால்ட்ரெக்சோன் குடி தரும் களிப்பைத் தணிக்கிறது. அகாம்புரோசேட் குடியை விட்டவனை மீண்டும் விழாமல் தாங்குகிறது. இவ்விரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

பிறகேன் தயக்கம்? நம் வைத்தியர்களை மட்டும் குறை கூறோம். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே 2019இல் குடிநோயாளர் நூற்றுவரில் இருவருக்குக்கூட இம்மருந்துகள் கிட்டவில்லை. குடியை நோயென்று கற்றும் குற்றமென்றே கருதும் மனப்பான்மை எங்கும் உண்டு. "முதலில் இனிப்பை விடு, பிறகு மாத்திரை" என்று நீரிழிவுக்காரனை எந்த வைத்தியராவது திருப்பி அனுப்புவாரா?

வெறும் உபதேசத்தில் ஆபத்தும் உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிரே போகலாம்!

ஈரல் கெட்டவனுக்கு எல்லா மருந்தும் ஆகாது என்பர். மெய்தான். எது தகும் என ஆராய்வது வைத்தியர் கடன். ஆராயாமலே மறுப்பது கடனன்று. லயத்து வாழ்வும் கூலியும் மாறாமல் குடி ஒழியாது என்பர். அதுவும் மெய்யே. லயம் வீடாகும் வரை நோயாளி சாகாமல் காத்திருப்பானா?

தவறணைக்கு உரிமம் தந்து வரி வாங்கும் அரசே, அவ்வரியில் ஒரு பங்கை இம்மருந்துக்குச் செலவிடு! தோட்டத்து மருந்தகம் வரை அது வரட்டும். வைத்தியப் பெருமக்களே, எழுதுகோலை எடுங்கள்! செடிக்குக் காட்டிய பரிவையேனும் மனிதனுக்குக் காட்டுங்கள்!