பட்டியலில் விடுபட்ட பாட்டி



அமெரிக்கப் போதகர் ஜோனத்தான் எட்வர்ட்ஸின் வம்சத்தையும், ஜூக்ஸ் என்னும் பாவியின் வம்சத்தையும் ஒப்பிடும் பிரசங்கத்தை நம்மில் கேளாதவர் குறைவு. ஒரு பக்கம் கல்லூரித் தலைவர்கள், நியாயாதிபதிகள், ஊழியர்கள். மறுபக்கம் குடிகாரரும் சிறைவாசிகளும். நானும் அதைப் பலமுறை பிரசங்கித்தவன்தான். ஒருநாள் ஆராதனை முடிந்ததும் வாலிபன் ஒருவன் வந்து, "பாஸ்டர், என் அப்பா குடித்தே செத்தவர். நான் எந்தப் பட்டியல்?" என்று கேட்டான். ஏதோ சொல்லி ஜெபித்து அனுப்பினேன். ஆனால் என் உள்ளத்தில் சமாதானமில்லை. அதன் பின்புதான் அக்குடும்ப வரலாற்றைத் தேடி வாசித்தேன்.

ஜூக்ஸ் என்பது மெய்ப்பெயரே அல்ல. நியூயார்க் மாநிலச் சிறைகளை ஆராய்ந்த ரிச்சர்டு டக்டேல், 1877-ல் வெளியிட்ட நூலில் பல குடும்பங்களுக்குச் சேர்த்து இட்ட புனைபெயர் அது. 1900-ல் வின்ஷிப் என்னும் கல்வியாளர் அதற்கெதிராக எட்வர்ட்ஸ் வம்சத்தை நிறுத்தினார். அவர் ஜோனத்தானிலிருந்து கீழ்நோக்கி எண்ணினார். மேல்நோக்கிப் பார்த்திருந்தால் எலிசபெத் டட்டில் கண்ணில் பட்டிருப்பார்.

எலிசபெத், ஜோனத்தானின் தந்தையைப் பெற்ற தாய். 1676-ல் அவருடைய சகோதரன் தன் உடன்பிறந்த சகோதரியையே கோடரியால் வெட்டிக் கொன்றான். 1691-ல் மற்றொரு சகோதரி தன் சொந்த மகனைக் கொன்றாள். அதே ஆண்டில் எலிசபெத்தின் கணவர் ரிச்சர்டு எட்வர்ட்ஸ் அவரிடமிருந்து விவாகரத்துப் பெற்றார். பியூரிட்டன் மார்க்கத்தார் வாழ்ந்த கனெக்டிகட்டில் அக்காலத்து விவாகரத்து எப்பேர்ப்பட்ட அவமானம் என்று எண்ணிப் பாருங்கள்! இந்த உடைந்த வீட்டின் மகன் திமோத்திதான் பின்பு போதகரானார். அவருக்கு 1703-ல் பிறந்தவரே ஜோனத்தான்.

ஜோனத்தானும் அவர் மனைவி சாராளும் 1727-ல் மணமுடித்தார்கள், 11 பிள்ளைகள். அவர் நாள் முழுவதும் படிப்பறையில் இருப்பார்; வீட்டு நிர்வாகம் சாராளின் தோளில். ஆயினும் மாலையில் பிள்ளைகளுக்கென்று அவர் நேரம் ஒதுக்கினார். (ஊழியத்தில் இருக்கும் சகோதரர்கள் இதைக் கவனிக்கவும்.) 1750-ல் சொந்தச் சபையே அவரை நீக்கியது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: 1731-ல் அவர் வீனஸ் என்னும் 14 வயதுச் சிறுமியை அடிமையாக விலைக்கு வாங்கினார். அவருடைய மகன் இளைய ஜோனத்தானோ, 1791-ல் அடிமை வியாபாரம் பாவம் என்று பிரசங்கித்தார். தகப்பனுக்குத் தெரியாத வெளிச்சம் மகனுக்குக் கிடைத்தது.

1758-ஆம் ஆண்டை வாசிக்கையில் என் கண்கள் கலங்கின. மூத்த மருமகன் அல்ல, மூன்றாம் மகள் எஸ்தரின் கணவர் ஆரோன் பர், முந்தைய செப்டம்பரிலேயே மரித்திருந்தார். அவர் வகித்த பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவர் பொறுப்பை ஏற்கச் சென்ற ஜோனத்தான், அம்மைத் தடுப்புக் குத்திக்கொண்டதன் விளைவாக மார்ச் 22-ல் மரித்தார். ஏப்ரலில் எஸ்தர் மரித்தாள். தாய் தகப்பனற்ற பேரப்பிள்ளைகள் இருவரையும் அழைத்து வரப் புறப்பட்ட சாராள், அக்டோபரில் பிலதெல்பியாவில் சீதபேதியால் மரித்தார். கடைசியில் தாய்மாமன் திமோத்தியே அவர்களை வளர்த்தார்.

அந்த இரண்டு வயதுப் பேரனே இளைய ஆரோன் பர். அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருக்கையிலேயே, 1804-ல் அலெக்சாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றவர். 1807-ல் தேசத்துரோக வழக்கில் நின்று விடுதலையானார். வின்ஷிப்பின் பட்டியலில் பெருமையோடு எண்ணப்பட்டிருக்கும் துணை ஜனாதிபதி இவரேதான்!

அந்த வாலிபன் இப்போது வேறு நகரத்தில் குடியிருக்கிறான். சென்ற மாதம் தொலைபேசியில் எலிசபெத்தைப் பற்றியும் ஆரோன் பர்ரைப் பற்றியும் அவனிடம் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்தா என்று சிரித்தான். அடுத்த மாதம் அவனுடைய மகளின் பிரதிஷ்டை ஆராதனை. நான்தான் செய்தி கொடுக்கிறேன். ஜூக்ஸின் பெயரை எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.