பெட்டிக்கு இரண்டு சாவி வேண்டும்

தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்துக்குள் நுழைந்த காலத்தை இப்போது பலரும் கேலியாகப் பேசுகிறார்கள். கீச்சென்ற ஓசை, அடிக்கடி அறுந்துபோகும் தொடர்பு, வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்தால் எல்லாம் போச்சு. கேலி நியாயம்தான். ஆனால் அந்த மோடத்தில் இருந்த ஒரு நல்ல ஏற்பாடு, இன்று நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியில் இல்லை. அதை நாம் திரும்பக் கேட்க வேண்டும்.

அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணைய சேவையைத் தொடங்கியது. தொடக்கத்தில் நொடிக்கு 9.6 கிலோபிட் வேகம். ஆனேக்கல் தாலுகாவிலேயே இருக்கும் எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் கம்பெனிகளுக்குச் செயற்கைக்கோள் தொடர்பு இருந்தது; ஆனேக்கல் ஊருக்கோ தொலைபேசிக் கம்பிதான். அதுவும் பெங்களூருக்கு ஒரு எஸ்.டி.டி. குறியீடு, நமக்கு வேறு. மோடத்துக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

சொல்லிக்கொடுக்கும் மொழியை அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் தன் ஸ்மார்ட்மோடத்துக்காக வகுத்தது. கட்டளைகள் 'ஏடி' என்று தொடங்கும். 'அட்டென்ஷன்' என்பதன் சுருக்கம். ஏடிடிடி என்றால் டோன் முறையில் டயல் செய்யும். ஏடிடிபி என்றால் பழைய எக்ஸ்சேஞ்சுகளுக்கேற்ற பல்ஸ் முறை. எண்ணுக்கு நடுவே ஒரு காற்புள்ளி போட்டால் வழக்கமாக இரண்டு நொடி பொறுத்திருக்கும். ஏடிஎம்0 என்றால் ஒலிபெருக்கி ஊமையாகும். (வங்கி ஏ.டி.எம்.முக்கும் இதற்கும் உறவில்லை.) நம் எக்ஸ்சேஞ்சின் டயல் டோனை வெளிநாட்டு மோடம் சில சமயம் அடையாளம் காணாது, 'டயல் டோன் இல்லை' என்று சாதிக்கும். எக்ஸ்3 என்று சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்துவிடும். எஸ்0 என்ற பதிவில் 1 என்று எழுதிவைத்தால் முதல் மணிக்கே மோடம் தானாக எடுக்கும். ஊரிலிருந்து கூப்பிட்ட பெரியப்பாவின் காதில் கீச்சொலிதான் விழும்.

ஹேய்ஸ் கம்பெனி 1999இல் மூடப்பட்டுவிட்டது. அது வகுத்த மொழி மட்டும் சாகவில்லை. இன்று லாரிகளில் பொருத்தும் சிம் கார்டு கண்காணிப்புக் கருவிகளுக்குள் இருக்கும் மோடம்கூட 'ஏடி' என்றால்தான் திரும்பிப் பார்க்கிறது.

நான் சொல்லவந்த ஏற்பாடு இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு மின்சாரம் போனால் போய்விடும். ஏடி&டபிள்யூ என்று அடித்தால் அது மோடத்தின் அழியாத நினைவகத்தில் பதிந்துவிடும். பல மோடங்களில் இப்படி இரண்டு தொகுப்புகளைச் சேமிக்கலாம்: வீட்டு லைனுக்கு ஒன்று, வேறு மாதிரி டோன் கேட்கும் அலுவலக லைனுக்கு ஒன்று. ஏடிஇசட் என்றால் சேமித்தது திரும்ப வரும். ஏடி&எஃப் என்றால் தொழிற்சாலை அமைப்பு வரும்; அதை யாராலும் அழிக்க முடியாது. ஏடி&வி என்றால் எல்லா அமைப்பையும் திரையில் வரிசையாகக் காட்டிவிடும். காசு கொடுத்து வாங்கியவர் எதையும் பார்க்கலாம், மாற்றலாம், கெடுத்துக்கொண்டாலும் பத்து விநாடியில் பழைய இடத்துக்கு வரலாம்.

இன்றைய பெட்டியின் பின்புறத் துளையில் ஊசியை வைத்து அழுத்திப் பாருங்கள். தொழிற்சாலை அமைப்பு வரும். பல பெட்டிகளில் கூடவே இணைப்பும் போய்விடும். பயனர் பெயர், கடவுச்சொல், இன்னும் சில எண்கள் எல்லாம் நிறுவனத்து ஆள் வந்து போட்டவை, நமக்குச் சொல்லப்படாதவை. என் வீட்டுக்கு வந்த பையனிடம் அவற்றை எழுதித் தரக் கேட்டேன். "அது நிமகெ யாகெ சார்?" என்று சிரித்தான். மாதாமாதம் பணம் கட்டுவதால்தான் கேட்கிறேன் அப்பா! பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக வசிக்கும் ஒரு முதிய தம்பதிக்கு, அந்தப் பையன் வரும்வரை மூன்று நாள் பேரன் முகம் தெரியாது.

தெரியாதவர்கள் கைவைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று நிறுவனங்கள் சொல்லும். கைவைக்காததாலும் கெட்டிருக்கிறது. 2017 ஜூலை இறுதியில் கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடங்கள் பல, தீநிரல் தாக்கி முடங்கின. 'அட்மின்' என்ற ஆரம்பக் கடவுச்சொல் மாற்றப்படாமலே கிடந்த பெட்டிகள் அவை. அதை மாற்றலாம், மாற்ற வேண்டும் என்று எத்தனை சந்தாதாரர்களுக்குத் தெரிந்திருக்கும்?

ரயில் நிலையத்தில் சிக்னல்களை இயக்கும் ரிலே அறைக்கு இரட்டைப் பூட்டு உண்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றொன்று சிக்னல் பராமரிப்பாளரிடம். இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். திறந்த நேரமும் காரணமும் ரிஜிஸ்தரில் ஏறும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் உள்ளே ஒரு கம்பியைக்கூட நகர்த்த முடியாது. நம் வீட்டுப் பெட்டியிலோ ஒரே சாவி, அதுவும் நிறுவனத்தின் கையில். நாம் தூங்கும்போது தொலைவிலிருந்தே அமைப்பை மாற்றிவிட்டுப் போக முடியும்.

இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே இந்த விவரங்களை ஒரு அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஆரம்பக் கடவுச்சொல்லை வீட்டுக்காரர் முன்னிலையில் மாற்ற வேண்டும். பிற்பாடு ஏதாவது மாற்றினால் ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்ப வேண்டும். நம் சங்கம் இதற்கொரு படிவத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்து வைத்தால், ஆனேக்கல், அத்திப்பள்ளி, சந்தாபுரா பக்கத்து உறுப்பினர்கள் கையோடு எடுத்துப்போய், வரும் ஆளிடம் நிரப்பி வாங்கிக்கொள்வார்கள். அச்சுச் செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன்.